கோழி நிற்க ஒரு தரை

என் சித்தி ஒரு துணியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவை உரசினால் போதும். அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எத்தனை நேரத்தில் காயும் என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு, அதற்கு ஈடாகத் தலையணை உறை, துண்டு, அறுவை சிகிச்சைக் கூடத்துப் பச்சைத் துணி. எல்லாவற்றின் மூலையிலும் ஆஸ்பத்திரி முத்திரை. "ஊரார் போர்வைய மடிச்சு மடிச்சே என் கை ரேகை அழிஞ்சுபோச்சு" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் வங்கியில் ரேகை பார்க்கும் இயந்திரம் அவர் விரலை மூன்று தடவை 'இல்லை' என்று தள்ளிவிட்டது.

அவர் வீட்டு மாடி அறையில் நான் தங்கி மூன்று வருடம் ஆகிறது. மாட்டுத் தொழுவத்துக்கும் வயலுக்கும் நடுவில் வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்குக் கீழே பட்டம் போடும் முதல் ஆள். இயற்பியல் படித்தேன், கடைத்தெருத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, நிமிரட்டும். ஆனால் அந்தப் பத்து நாட்களில் நான் படித்ததை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சித்தியோடு வேலை பார்த்த ஒருத்தி ஊர் மாறிப் போகும்போது விட்டுச் சென்ற நாலே நாலு கோழியில் ஆரம்பித்தது எல்லாம். வீட்டுக்குப் பின்னால், சுவருக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் இடையில், ஒரு பேருந்தை நிறுத்துகிற அளவு இடம். இது சித்தப்பா சொன்ன அளவு. அவர் பேருந்து ஓட்டுநர்; உலகத்தில் எதையும் பேருந்தால்தான் அளப்பார். அந்த இடத்தைச் சுற்றிச் சித்தியே கம்பம் நட்டு, கம்பிவலை இழுத்துக் கட்டினார். கோழிகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரிப் பிரிவின் பெயரை வைத்தார். எப்போது பார்த்தாலும் அடைகாக்க உட்காரும் பழுப்பு நிறக் கோழி 'மகப்பேறு'. தீனித் தட்டின் சத்தம் கேட்டதும் மற்றவற்றின் முதுகில் ஏறி ஓடிவருவது 'அவசரம்'. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பது 'எலும்பு முறிவு'. அது நொண்டிய பிறகு பெயர் வந்ததா, பெயர் வந்த பிறகு நொண்டியதா என்பதில் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அந்த வருடம் மழை இரண்டு மாதம் விடவில்லை. அடைப்புக்குள் கணுக்கால் அளவு சேறு. முட்டைகள் சேறு பூசிக்கொண்டு வந்தன. 'எலும்பு முறிவு'க்குப் பாதத்தின் அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம். நாற்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவருடைய வேலை மேசை ஜன்னலோரம் இருந்தது, அந்த ஜன்னல் எங்கள் கோழிகளைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு மாதமும் அதை மூடியே வைத்திருந்தார். இரண்டு தடவை மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை எங்களிடம் சொல்லவில்லை, நகராட்சியிடம் சொன்னார்.

சுகாதார ஆய்வாளர் வந்தார், வலையோரம் நின்று மூக்கைப் பொத்தினார், ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனார். பத்து நாட்களுக்குள் சேறும் துர்நாற்றமும் நீக்கப்படாவிட்டால் கோழிகள் அப்புறப்படுத்தப்படும்.

சித்தி அதை வாசற்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"அப்புறப்படுத்தறதுன்னா எங்க கொண்டுபோவாங்க?"

"எங்கேன்னு எழுதல. அநேகமா சட்டிக்குத்தான்" என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. "இந்த வீட்ல என்னுதுன்னு என்ன இருக்கு, சொல்லுங்க. வீடு உங்கப்பா கட்டினது. நான் நாள் பூரா மடிக்கிறது ஆஸ்பத்திரியோடது. இந்தக் கோழி ஒண்ணுதான் என்னுது. நான் விடமாட்டேன்."

சித்தப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் கேலியை நிறுத்திவிட்டு வேலைக்கு இறங்கப்போகிறார் என்றால் முதலில் செருப்பைத்தான் கழற்றுவார். "சரி, அப்ப என்ன போடலாம்? சிமெண்ட் பூசிடுவோமா? எங்க டிப்போவுல மழையா பெய்யுது, ஒரு பொட்டுச் சேறு கிடையாது."

"டிப்போவுல பஸ் மண்ணக் கிளறுதாங்க? கோழின்னா கிளறணும். அதோட, சிமெண்ட கழுவுற தண்ணி நேரா கடிகார அண்ணன் வீட்டுப் பக்கம்தான் ஓடும். அடுத்த தாள் உடனே வந்திரும்."

மறுநாள் காலையில் நான் கண் விழித்து இறங்கி வந்தபோது சமையலறை மேடையில் ஆறு தட்டுகள் வரிசையாக இருந்தன. வைக்கோல், மரத்தூள், தச்சுப் பட்டறையின் இழைப்புச் சுருள், ஆற்று மணல், கிழித்த செய்தித்தாள், பொடி ஜல்லி. சித்தி ஒவ்வொன்றின் மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார். சலவைக்கூடத்தில் புதுத் துண்டு வந்து இறங்கினால் இப்படித்தான் சோதிப்பார்களாம். குடிக்கிற துண்டு நல்ல துண்டு. மரத்தூள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்பது போல இருந்தது.

எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஒரு கை மரத்தூளை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மில்லிகிராம் காட்டும் தராசில் காய்ந்ததை ஒரு தடவையும் நனைந்ததை ஒரு தடவையும் எடை போட்டேன். தன் எடையைப் போல மூன்று மடங்குத் தண்ணீர் குடித்திருந்தது. சாயங்காலம் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கீழே பட்டத்தோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

"பட்டதாரியே கையெழுத்துப் போட்டாச்சு. இனி பேச்சே இல்ல" என்றார் சித்தப்பா.

தெருக்கோடி மர அறுவை ஆலையிலிருந்து பன்னிரண்டு மூட்டை. கைவண்டியில் ஏற்றி, நானும் சித்தப்பாவும் தள்ளி, சித்தி முன்னால் நடந்து வழி விலக்கி, மறுநாள் இருட்டுவதற்குள் அடைப்பு முழுக்கப் பரப்பிவிட்டோம். மூன்றாம் நாள் போல ஒரு நாளை நான் பார்த்ததில்லை. வெயில் அடித்தது. பொன்னிறத் தரை. 'அவசரம்' குழி பறித்துப் படுத்து, இறக்கையை விரித்து மரத்தூளை முதுகில் வாரி இறைத்துக்கொண்டது. முட்டைகள் துடைத்து வைத்தது போல வந்தன. சித்தி வேலைக்குப் போகும் நேரம் தாண்டியும் வலையைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. பெய்தது, பெய்தது, விடியும்வரை பெய்தது.

ஐந்தாம் நாள் காலையில் அங்கே தரை என்று ஒன்று இல்லை. பழுப்பு நிறக் கஞ்சி ஒன்று இருந்தது. மரத்தூள் மூன்று மடங்கு குடித்திருந்தது, என் கணக்கில் பிசகே இல்லை. குடித்ததைத் திருப்பி விடவில்லை, அவ்வளவுதான். கோழிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தீனித் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தன. நாற்றமும் மூன்று மடங்கு.

வேலிக்கு மேலே கைக்குட்டை பொத்திய ஒரு முகம் எழுந்தது. கடிகாரக்காரர்.

"தங்கச்சி, முன்னாடி சேறு மட்டும்தான் இருந்தது. இப்ப அதுக்குச் சாதம் ஊட்டி வளர்த்திருக்கீங்க."

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"எனக்குக் கோழி மேல கோபம் கிடையாது. ஜன்னலத் தெறக்க முடியல. விளக்கு வெளிச்சத்துல நாள் பூரா ஊசி முனையப் பாத்தா கண்ணு என்னத்துக்காகும்?"

சித்தி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் அந்தக் கையெழுத்துத் தாளைத் தேடி எடுத்து நாலாக மடித்துப் பையில் திணித்துக்கொண்டேன். இன்னும் ஐந்து நாள்.

சாயங்காலம் சித்தி திரும்பி வந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் மோதியது. பையைக்கூட இறக்கவில்லை.

"இத்தன வருஷமா என் கால் நனைஞ்சதே இல்லடா" என்றார்.

நானும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன சித்தி சொல்றீங்க?"

"சலவைக்கூடத்துல. அலசுற எடத்துல ஒரு நாளைக்கு எத்தன தொட்டித் தண்ணி கீழ கொட்டுது, ஆறா ஓடணும். நான் சாதாரணச் செருப்புலதான் நிக்கிறேன், கால் நனைஞ்சதே இல்ல. இன்னைக்குத்தான் தோணுச்சு, ஏன் நனையலன்னு. குனிஞ்சு பாத்தேன். நாங்க நிக்கிறது மரக்கட்ட. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. அதுக்குக் கீழ சரிவு. சரிவு முடியிற எடத்துல வாய்க்கா." மூச்சு வாங்கினார். "நான் எப்பவும் மேல இருக்கற துணியவே பாத்துப் பழகினவ. அதான் தரைக்கும் துண்டத் தேடினேன். தரை குடிக்கக் கூடாதுடா. விடணும்."

சித்தப்பா மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

ஆறாம் நாள் விடுமுறை. சித்தி ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் அழுக்குக் கூடைகள் ஐந்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அடி முழுக்க ஓட்டை. அவற்றைப் பின்வாசலில் செங்கல் மேல் வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொரு கூடையிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு சரக்கு. யாருக்கு எதில் நம்பிக்கையோ அதை அவரவர் கொண்டுவரலாம் என்பது சித்தி போட்ட சட்டம். சித்தப்பா ஜல்லி. நான் இழைப்புச் சுருள். மரத்தூளின் அண்ணன்தான், ஆனால் பெரிசு பெரிசாக, காற்றோட்டமாக இருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. சித்தி கொண்டுவந்தது மரச்சில்லு. பூங்காவில் வெட்டிய கிளைகளை நகராட்சி ஆட்கள் இயந்திரத்தில் போட்டு விரல் நீளத் துண்டுகளாக நறுக்குவார்கள், அதில் ஒரு பை நிறைய. நாலாவது கூடை வைக்கோல், அதற்கு ஆதரவாளர் யாருமில்லை. ஐந்தாவது கூடை காலியாக இருந்தது.

"நீங்க எதுக்கு நிக்கிறீங்கண்ணே?" சித்தி வேலிப் பக்கம் குரல் கொடுத்தார். கைக்குட்டை முகம் அரைமணி நேரமாக அங்கேயே இருந்தது.

"நான் புகார் கொடுத்தவன், தங்கச்சி. நான் இதுல கலந்துக்கறது முறையில்ல."

"அப்ப சும்மா வேடிக்க பாருங்க."

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு "மணல் போடுங்க. கரடு மணல்" என்றார். இன்னொரு நிமிடம் கழித்து, "நேரம் யார் பாக்கறது?"

"நாந்தான் எண்ணுவேன்."

"வாயால எண்ணுறதெல்லாம் ஒரு நேரமா?" என்று உள்ளே போனார். வேலியைச் சுற்றி வாசல் வழியாக வந்தபோது கையில் ஓட்டப் பந்தயத்துக்கு வைக்கிற கடிகாரம் ஒன்று இருந்தது. ஒரு விளையாட்டு வாத்தியார் பழுது பார்க்கக் கொடுத்ததாம். "சரியா ஓடுதான்னு எப்படியும் நான் சோதிக்கணும்" என்றார், யாரும் கேட்காமலே.

ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வாளி. மேலே பளபளக்கிற தண்ணீர் மறையும்வரை நேரம். ஜல்லி: இரண்டு நொடி. சித்தப்பா காற்றில் ஹாரன் அடித்துக் காட்டினார். மரச்சில்லு: மூன்று. இழைப்புச் சுருள்: ஒன்பது. வைக்கோல் பாதியைப் பக்கவாட்டில் துப்பியது. மணல் இருபத்தொரு நொடி எடுத்துக்கொண்டது. கடிகாரக்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"கடிகாரம் நல்லாத்தாண்ணே ஓடுது" என்றார் சித்தப்பா.

"பஸ்ஸும்தான் வேகமாப் போகும். போய்ச் சேர்றதுதான் விஷயம். இரண்டாவது சுற்று இருக்கில்ல?"

இரண்டாவது சுற்றுக்கு நடுவர் கோழிகள். கூடைகளைக் காய்ந்த மூலை ஒன்றில் வரிசையாகக் கவிழ்த்துப் பரப்பி, கதவைத் திறந்துவிட்டோம். 'அவசரம்' ஜல்லி மேல் பாய்ந்து ஏறியது, நின்றது, ஒரு காலைத் தூக்கியது, மறு காலைத் தூக்கியது, குதித்து இறங்கியது. போகும்போது கற்களுக்கு நடுவில் ஒரு எச்சத்தை வைத்துவிட்டுப் போனது. அது அங்கேயே இருக்கும், கிளறி மூடவும் முடியாது, காயவும் காயாது.

"உங்க ஆளு முடிஞ்சான்" என்றார் கடிகாரக்காரர்.

இழைப்புச் சுருள் இரண்டு கிளறலில் காற்றில் பறந்து என் தலையில் வந்து உட்கார்ந்தது. மணலில் இரண்டு கோழிகள் படுத்துப் புரண்டன. மரச்சில்லில்தான் கூட்டம். கிளறக் கிளற அடியிலிருந்து பூச்சியும் விதையும் வந்தன; எச்சம் உள்ளே விழுந்து மறைந்தது. 'எலும்பு முறிவு' மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு அதன் நடுவில் போய் நின்றது. வீங்கிய காலை ஊன்றியபடி. சித்தி அதை எனக்கு விரலால் சுட்டிக் காட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாவது சுற்று, சித்தியின் விரல். ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைத்துப் பார்த்தார். வைக்கோல் அழுகத் தயார். என்னுடையது, "பிழியாத துண்டு." மரச்சில்லு மேலே காய்ந்து, அடியில் ஈரம். மணல் மேலேயும் உள்ளேயும் ஒரே மாதிரி, லேசான குளிர்ச்சி, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா" என்றார் கடிகாரக்காரர். "மெதுவாக் குடுத்தாலும் முழுசாக் குடுத்துட்டான்."

"பாத்தேண்ணே. அதனால உங்க மணல் கீழ, என் சில்லு மேல. சலவைக்கூடத்துல மரக்கட்டையும் சரிவும் மாதிரி. ஒண்ணு இல்லாம ஒண்ணு நிக்காது."

சித்தப்பாவின் ஜல்லிக்கு வடிகால் வாய்க்காலை நிரப்பும் வேலை கிடைத்தது. என் இழைப்புச் சுருளுக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடிகாரக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே. உங்க வீட்டுக் கூரைத் தண்ணி மொத்தமும் எங்க விழுது?"

நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் அண்ணாந்தோம். பின்பக்கச் சரிவின் தண்ணீர் முழுக்க நேராகக் கோழி அடைப்புக்குள் விழுந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் நான் தூங்குகிறேன். தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்பதற்குச் சான்றிதழும் வைத்திருக்கிறேன்.

"ஓரமா ஒரு குழாய் வச்சுத் திருப்பிடலாம்" என்றார் சித்தப்பா. "ஆனா எங்க கொண்டுபோய் விடறது? நம்ம பக்கம் தெருச் சாக்கடைக்கு வழியே இல்லையே."

கடிகாரக்காரர் கோப்பையின் அடியைப் பார்த்தார். "என் பக்கம் இருக்கு" என்றார். "என் சுவரோரமா, ஜன்னலுக்குக் கீழ குழாய் போகலாம். கசிஞ்சா மட்டும் அடுத்த புகார் எழுதுவேன்."

ஏழாம் நாள் காலை சித்தப்பா ஒரு நாளும் நான் இரண்டு நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு மூட்டைக் கஞ்சியை அள்ளி வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் மேலேயே மணலைக் கொட்டிவிடலாமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். "அழுக்குத் துணி மேல வெளுத்த துணிய மடிச்சு வைப்பேனாடா?" என்றார் சித்தி. அதற்கு மேல் வாதம் இல்லை. மூலையில் ஆள் ஆழக் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்து, காய்ந்த மண்ணைப் போட்டு மூடினோம். தொழுவம் அள்ளிய கை எனக்கு. பட்டம் வாங்கியதில் அது மறந்துபோகவில்லை என்று தெரிந்துகொண்டேன். தரையை வேலிப் பக்கம் சரித்து, சரிவின் முடிவில் வாய்க்கால் வெட்டி, கடிகாரக்காரர் சம்மதத்தோடு அதன் வாயையும் அவர் பக்கத்துச் சாக்கடைக்கே திருப்பி, ஜல்லி நிரப்பினோம். கூரைக் குழாயை வேலி தாண்டி வாங்கி அந்தப் பக்கம் பொருத்தியது கடிகாரக்காரர். ஒவ்வொரு இணைப்பையும் அவர் முடுக்கிய பொறுமையில் அது குழாயா கைக்கடிகாரமா என்று சந்தேகம் வந்தது. பொழுது சாய்வதற்குள் நாலு விரல் கனத்துக்குக் கரடு மணல் இறங்கியது.

மரச்சில்லுதான் பாக்கி. ஒரு பை சரி, ஒரு பேருந்து அளவு இடத்துக்கு எங்கே போவது? அதற்கு வழி சித்தப்பாவிடம் இருந்தது. அவருடைய தடத்தில் தினமும் காலை மரம் வெட்டும் லாரி ஒன்று பாதி சாலையை அடைத்து நிற்கும். தினமும் அதைத் திட்டிக்கொண்டேதான் கடப்பார். எட்டாம் நாள் காலை முதல் நடையில், அந்த லாரிக்குப் பக்கத்தில் பேருந்தை மெதுவாக ஓட்டி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நறுக்கினதையெல்லாம் எங்கப்பா கொட்டுவீங்க?" என்று கேட்டாராம்.

"குப்பைமேட்டுக்கு. ஏன்?"

"எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. சாயம் பூசின பலகை கலக்காம, பச்சைக் கிளை மட்டும்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பயணி, முகவரியை அவசரமாக எழுதிக்கொடுக்கத் தன் பேனாவையே நீட்டினாராம். பேருந்து முழுக்க அந்த இரண்டு நிமிடமும் கோழிப் பேச்சுதான் என்று சித்தப்பா சொன்னார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் மீதி நிஜம்.

பத்து மணிக்கு லாரி வந்தது. கேட்டது ஒரு குவியல், வந்தது ஒரு மலை. வாசல் மறைந்துவிட்டது. தெருவே பசுங்கிளை வாசனையில் மிதந்தது. சித்தி அன்று அரை நாள் வேலைக்குப் போகவில்லை, இருபத்தாறு வருடத்தில் எத்தனையாவது தடவை என்று கேட்டேன், "ரெண்டாவது. மொதல் தடவ கல்யாணத்துக்கு" என்றார். அழுக்குக் கூடைகள் ஐந்தும் ஓடின. நான் அள்ள, சித்தி தூக்க, பின்கட்டில் கொட்டிவிட்டு வந்து அடுத்த கூடையை எடுக்க, மறுபடி அள்ள. வாசலிலிருந்து கூடம் வழியாகப் பின்கட்டுக்கு எத்தனை நடை என்று எண்ணவில்லை. கடைசிக் கூடையைக் கவிழ்த்தபோது ஒரு சாண் உயரத்துக்குச் சில்லு நிரம்பியிருந்தது. கதவைத் திறந்தோம். கோழிகள் வாசலில் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு மொத்தமாக உள்ளே பாய்ந்தன.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ கிறீச்சிட்டது. ஜன்னல். இரண்டு மாத ஈரத்தில் உப்பிப்போய் அரைகுறையாகத்தான் திறந்தது.

பத்தாம் நாள் மாலை நாலு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கறுப்புத் தோல் சப்பாத்து, கக்கத்தில் கோப்பு, கையில் குடை. வானம் இருண்டிருந்தது. சித்தி சலவைக்கூடத்துச் சீருடையிலேயே நேராக வந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இல்லாத ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் வலைக்கு வெளியே நின்று மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். இருப்பதிலேயே பள்ளமான மூலையாகத் தேடிப்போய், குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஒரு சில்லு ஒட்டியிருந்தது, தட்டிவிட்டார்.

"இன்னைக்குக் காஞ்சிருக்கு. மழை வந்தா?"

நான் வாளியை எடுத்தேன். சித்தி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆய்வாளரின் சப்பாத்துக்கு ஒரு முழம் தள்ளி முழு வாளியையும் கவிழ்த்தார். தண்ணீர் மரத்துண்டுகளுக்குள் இறங்கிப் போனது. வேலியோரம் ஜல்லிக்கு அடியில் களகளவென்று சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு நொடி" என்றது வேலிக்கு மேலிருந்து ஒரு குரல்.

ஆய்வாளர் திரும்பினார். "புகார் கொடுத்தவர் நீங்கதானே? புகார் நிக்குதா?"

சித்தியின் கைகள் மடிப்பதை நிறுத்தின. கடிகாரக்காரர் இல்லாததைச் சொல்கிறவர் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் பயமாக இருந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தோரு மணி நேரமா என் ஜன்னல் தெறந்திருக்கு சார்" என்றார். "அதுல ஒரு நிமிஷம்கூட மூடணும்னு தோணல."

"அப்ப வாபஸா?"

"வாபஸ். ஆனா அந்தக் குழாய் என் பக்கம் போகுதுன்னு பதிவு பண்ணிக்கங்க. அதுக்கு நாந்தான் பொறுப்பு."

முதல் துளி ஆய்வாளரின் கோப்பில் விழுந்தது. அவர் குடையை விரித்தார், ஆனால் வெளியே வரவில்லை. மழை வலுத்தது. குடைக்குள் குனிந்து அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுவதும் காணாமல் போவதும். "இன்னும் கொஞ்சம் பாத்துடலாம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. 'அவசரம்' அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் கொத்திப் பார்த்தது. ஐந்து நிமிடம் போயிருக்கும். கால் மாற்றி நின்றார், சப்பாத்தின் ஓரத்தில் ஈரம்கூடப் படரவில்லை. அப்புறம்தான் கோப்பைத் திறந்தார்.

"உரிமம் மாதிரி ஒண்ணு எழுதித் தர்றேன். வளக்கறவங்க பேரு? வீட்டுக்காரர் பேர்ல போட்டுடவா?"

"கோழிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல சார்" என்றார் சித்தப்பா. "முட்டையோடதான் பழக்கம்."

சித்தி மழையில் நனைந்தபடியே வலைக்குள் ஓரடி எடுத்து வைத்தார். தன் பெயரைச் சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக, ஆய்வாளரின் பேனா எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த எழுத்தாக.

"தொழில்?"

பழக்கத்தில் "சலவைக்கூடம்" என்று வாய் திறந்தது. அதோடு நிறுத்திக்கொள்வார் என்றுதான் ஆய்வாளர் எழுதத் தொடங்கினார்.

"கோழி வளர்ப்பு சார்" என்றார் சித்தி. "அதையும் போடுங்க. அத மொதல்ல போடுங்க."

ஆய்வாளர் எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கீழே கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டினார். சித்தி ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, குடைக்குள் தலையை நுழைத்து, தாளை ஆய்வாளரின் கோப்பின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் உள்ளே போகவில்லை.